வெதர் ஸ்டேஷன் டேட்டாவில இருந்து வெப்பப் பாயம் கணக்குப் பண்ணுறது எப்பிடி

ஓட்டோமெற்றிக் வெதர் ஸ்டேஷன் ஒண்டும் பொதுவா தரையில இருந்து எழும்புற வெப்பப் பாயத்தை (ஒரு சதுர மீற்றர் தரையில இருந்து செக்கனுக்கு எவ்வளவு வெப்பம் மேல போகுது எண்டதை) நேரா அளக்காது, அதுக்கு எடி கோவேரியன்ஸ் எண்ட விலை கூடின சாமான் வேணும். எங்களிட்டக் கிடக்கிறது வெயில், காத்து, வெப்பநிலை, ஈரப்பதன், அவ்வளவுதான். மதிப்பீட்டுக்கு அது காணும்.

முதல்ல தரையில தங்குற கதிர்வீச்சை எடுங்கோ. மத்தியானம் வெயில் சதுர மீற்றருக்கு 800 வாட்ஸ் எண்டு வைப்பம், தரை 20 வீதத்தைத் திருப்பி எறிஞ்சா மிச்சம் 640, அதில தரை வானத்துக்கு விடுற வெப்பத்துக்கு ஒரு 90ஐக் கழிச்சா 550. மண்ணுக்குள்ள இறங்கிறதுக்கு 10 வீதம் (வெறுந்தரை எண்டா கூடப் போடோணும்). கையில நிக்கிறது 495. அது காத்தைச் சூடாக்கவும் தண்ணியை ஆவியாக்கவும் பிரியுது, எவ்வளவு எதுக்கு எண்டதிலதான் வில்லங்கம்.

கனபேர் ஆவியாதலை மதிப்பிடுறதுக்கு 1972இல வந்த பிறீஸ்ட்லி-டெய்லர் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுறவை. 30 டிகிரியில அது கிட்டத்தட்ட முழுசையும் ஆவியாதலுக்கே குடுத்திடும், யாழ்ப்பாணத்தில கோப்பாய்ப் பக்கம் தண்ணி இறைச்சுவிட்ட வெங்காயத் தோட்டத்துக்கு ஓகே, ஆடி மாசம் சோழகக் காத்து அடிக்கேக்க காய்ஞ்சு கிடக்கிற வெறுங்காணிக்கு அது சரிவராது.

அங்க இப்பிடிச் செய்யுங்கோ: காத்தின்ர அடர்த்தி கன மீற்றருக்கு 1.16 கிலோ, தன்வெப்பக் கொள்ளளவு (ஒரு கிலோ காத்தை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 1005 யூல், பரிமாற்றக் குணகம் (தரையில இருந்து காத்துக்கு வெப்பம் எவ்வளவு லேசாப் போகுது எண்ட எண்) 0.003 (10 மீற்றர் உயரத்தில எடுத்த காத்து, கட்டைப் புல்லு), காத்து வேகம் செக்கனுக்கு 5 மீற்றர், தரைக்கும் காத்துக்கும் வித்தியாசம் 15 டிகிரி, எல்லாத்தையும் பெருக்கினா காத்தைச் சூடாக்கிறதுக்கு 260 சொச்சம் வாட்ஸ். முந்தின 495இல மிச்சம் 235 ஆவியாதலுக்கு எண்டு வரும், மழையே இல்லாத காணியில அவ்வளவு ஈரம் எங்கால? அப்ப குணகம் காணாது எண்டு அர்த்தம், கொதிக்கிற தரைக்கு மேல காத்து கலங்கிறதால அதைக் கூட்டோணும்.

தரை வெப்பநிலைக்கு 5 சென்ரிமீற்றர் ஆழத்து மண் சென்சரைப் போடாதேங்கோ, மத்தியானத்தில அது மேல்தரையை விடக் கனக்கக் குறைச்சுத்தான் காட்டும். கீழ பாக்கிற இன்ஃப்ராரெட் சென்சர் வேணும், இல்லாட்டி லான்ட்சாட் 8, 9 செய்மதிப் படம், ரெண்டையும் சேர்த்தா 8 நாளைக்கு ஒருக்கா கிடைக்கும், மேகம் இல்லாட்டி.

நெட்வேர்க் எண்டு வந்தா ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித்தனியா பாயத்தைக் கண்டுபிடிச்சுப் பேந்து சராசரி எடுங்கோ, காத்தையும் வெப்பநிலையையும் முதலே சராசரியாக்கிப் பெருக்கினா பிழைக்கும். கடல்நீரேரிக் கரையில நிக்கிற ஸ்டேஷனையும் உள்ளுக்க செம்பாட்டு மண்ணில நிக்கிறதையும் ஒரே குணகத்தில ஓட்டவும் ஏலாது. இரவில காத்து அசையாம நிக்கேக்க, செக்கனுக்கு 1 மீற்றருக்குக் கீழ எண்டா, வாற நம்பரை நம்பாம விட்டுடுங்கோ.