முன்னாள் எம்.பி. கொண்டுவந்த மசோதாக்களையும் போட்ட ஓட்டுகளையும் தேடி எடுப்பது எப்படி?

எங்கள் தொகுதியின் முன்னாள் எம்.பி. நாடாளுமன்றத்தில் என்னதான் செய்தார் என்று வீட்டில் பேச்சு வந்தது. ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், ஆதாரம் யாரிடமும் இல்லை. தேட உட்கார்ந்தேன். மூன்று வார இறுதிகள் போயின. வழி தெரிந்திருந்தால் ஒரே மாலையில் முடிந்திருக்கும் வேலை இது.

படி 1: அவையையும் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

2009 முதல் 2014 வரை 15வது மக்களவை, 2019 வரை 16வது, 2024 வரை 17வது. சிலர் இரண்டு அவைகளிலும் இருந்திருப்பார்கள். கனிமொழி கருணாநிதி 2007 முதல் 2019 வரை மாநிலங்களவையில் இருந்தார், அப்புறம் மக்களவைக்கு வந்தார். 2021இல் மாநிலங்களவைக்கு வந்த கனிமொழி சோமு வேறொருவர். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இருவர் கணக்கும் கலந்துவிடும்.

படி 2: மசோதாக்கள்

நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் மசோதாக்கள் பகுதிக்குப் போய், ‘தனிநபர் மசோதா’ (அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) என்ற வகையைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர் பெயரால் தேடுங்கள். வகையைத் தேர்ந்தெடுக்க மறக்கவே கூடாது. அவர் சில காலம் அமைச்சராக இருந்திருந்தால், அரசு மசோதாக்களும் அவர் பெயரிலேயே வரும். அவை அமைச்சரவையின் மசோதாக்கள், அவர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பட்டியலில் பெரும்பாலும் ‘காலாவதி’ என்றே இருக்கும். அதைப் பார்த்து ஆளைக் குறைத்து எடைபோடாதீர்கள். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் இருக்கும் மசோதாக்களும் காலாவதியாகும். 1952 முதல் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது, ஆனால் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனாலும் திருநர் உரிமை பற்றிய பேச்சை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் எண்ணிக்கையோடு நிற்காமல், மசோதாவின் கடைசியில் வரும் ‘நோக்கங்களும் காரணங்களும்’ பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள்.

படி 3: ஓட்டுகள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஒவ்வொரு மசோதாவுக்கும் அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று ஒரு பட்டியல் எங்கோ இருக்கும் என்று நம்பித் தேடினேன். பெரும்பாலான மசோதாக்களுக்கு அப்படி ஒரு பதிவே கிடையாது. அவை ‘ஆம்’, ‘இல்லை’ என்று குரல் கொடுக்கும் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடுகின்றன. உறுப்பினர்கள் ‘டிவிஷன்’, அதாவது ஓட்டுகளை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டால்தான் பெயர்வாரியாகப் பதிவாகும். அரசியலமைப்புத் திருத்தங்களுக்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்பதால் அங்கே டிவிஷன் நிச்சயம் நடக்கும். அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

பழகிப் பார்க்க எளிதானது, மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மீது 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவையில் நடந்த வாக்கெடுப்பு. ஆதரவு 454, எதிர்ப்பு 2. எதிர்த்த இருவர் அசதுத்தீன் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும். அந்த நாளின் அவை விவாதப் பதிவைத் திறந்து அந்த இரண்டு பெயர்களையும் நீங்களே கண்டுபிடியுங்கள். பட்டியலின் அமைப்பு பிடிபட்டுவிடும்.

இனி என் தவறு. ஒரு வாக்கெடுப்பில் எங்கள் எம்.பி.யின் பெயர் ஆதரவிலும் இல்லை, எதிர்ப்பிலும் இல்லை. ‘ஓட்டே போடவில்லை’ என்று நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தின் அடிக்குறிப்பைப் படித்தபோது அவர் பெயர் அங்கே இருந்தது. பொத்தான் சரியாக வேலை செய்யாவிட்டாலோ, மாற்றி அழுத்திவிட்டாலோ உறுப்பினர்கள் சீட்டு எழுதிக் கொடுத்து ஓட்டைத் திருத்தலாம். அவைத்தலைவர் முடிவை அறிவிக்கும்போதே ‘திருத்தத்துக்கு உட்பட்டது’ என்றுதான் சொல்வார். சீட்டு கொடுத்தவர்களின் பெயர்கள் அடிக்குறிப்பில் வரும். அந்த நால்வரிடமும் போய்த் திருத்திச் சொன்னேன். அடிக்குறிப்பைப் படிக்காமல் யாரையும் ‘வரவில்லை’ என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று, கொறடா உத்தரவு, அதாவது எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கட்டளை. அரசியலமைப்பில் 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), கட்சிக் கொறடாவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே பறிபோகலாம். அதனால் ஓட்டில் தெரிவது பெரும்பாலும் கட்சியின் முடிவு. ஒருவரின் சொந்த அக்கறையை அறிய நான் தனிநபர் மசோதாக்களையும் அவருடைய பேச்சுகளையுமே அதிகம் நம்புகிறேன்.

படி 4: குறித்து வையுங்கள்

எக்செல்லில் தேதி, மசோதா, ஓட்டு, பக்க எண். போதும். பக்க எண் இல்லாத குறிப்பை நான் வைத்துக்கொள்வதில்லை. விவாதப் பதிவுகள் நீளமான பி.டி.எஃப்.கள், ஆகவே கைபேசி வேண்டாம், கணினியில் திறங்கள். அண்மைக் கால எம்.பி.க்களுக்கு பி.ஆர்.எஸ். (நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் அமைப்பு) தளம் நல்ல தொடக்கம், வருகை, கேள்விகள், மசோதாக்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஆனால் ஓட்டுக்கு மூலப் பதிவுதான்.

பின்சேர்க்கை: தேடினால் பெயரே வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். வாக்கெடுப்புப் பட்டியலில் பெயர் முன்னும் முதலெழுத்து பின்னுமாக இருக்கும், ‘பாலு, ஸ்ரீ டி.ஆர்.’ என்பதுபோல. அந்தப் பாலுவுக்கு ஆங்கிலத்தில் ‘ஏ’ இரண்டு முறை வரும். ஒன்று மட்டும் போட்டுத் தேடினால் கிடைக்காது. எழுத்துக்கூட்டலை முதலில் உறுப்பினர் பக்கத்தில் பார்த்து அப்படியே நகலெடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: அமைச்சராக இருந்த ஆண்டுகளுக்கு வருகைக் கணக்கு காலியாக இருக்கிறதே என்றார் ஒருவர். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியதில்லை. அந்தக் காலியிடத்தைச் சுழியம் என்று நிரப்பிவிடாதீர்கள்.