பித்தநாளக் கல் அறுவைக்கு முப்பரிமாணத் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லீரலுக்குள் இருக்கும் பித்தநாளக் கற்களுக்கு அறுவைத் திட்டம் போடும் இளம் மருத்துவர்களோடு உட்காரும்போதெல்லாம், நாங்கள் இத்துறைக்குள் நுழைந்த காலத்தில் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுவதைப் பார்க்கிறேன். இடம் வலம் மாறிப்போவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லாமல் புரியாதவை வேறு.

ஈ.ஆர்.சி.பி. முடித்துவிட்டு எம்.ஆர்.சி.பி. எடுப்பது

ஈ.ஆர்.சி.பி. என்பது வாய்வழியாக அகநோக்கியைச் செலுத்திப் பித்தநாளத்துக்குச் செய்யும் சிகிச்சை. அதில் பித்தநாள வாயை வெட்டிவிட்டால் குடல் காற்று நாளத்துக்குள் ஏறும். பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர். படமான எம்.ஆர்.சி.பி.யில் கல்லும் கறுப்பு, காற்றும் கறுப்பு. மல்லாந்து படுத்தவரின் நாளத்தில் காற்று மேலே மிதக்கும், கல் அடியில் தங்கும்; குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தால்தான் அது தெரியும். காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாக வருபவருக்குச் சீழை வடிப்பதே முதல் வேலை. மற்றவர்களுக்கு முதலில் படம் எடுத்துவிடுங்கள்.

முப்பரிமாண மாதிரியில் இல்லாத நாளம் உடலிலும் இல்லை என்று நம்புவது

இன்றும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். சி.டி. படங்களிலிருந்து மென்பொருள் உருவாக்கும் கல்லீரல் மாதிரியில் ரத்தக்குழாய்கள் அழகாக வருகின்றன. ஊசி வழியாகச் செலுத்தும் மருந்து அவற்றை ஒளிரச் செய்கிறது. அந்த மருந்து பித்தநாளத்துக்குள் போவதில்லை. கல் அடைத்து விரிந்த நாளம் கருமையாகத் தெரியும். விரியாத நாளமோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மென்பொருள் அதை விட்டுவிடும். ஆக, நாம் காப்பாற்ற வேண்டிய நல்ல நாளங்களே அந்த வண்ணப் படத்தில் இருக்காது.

ஒருமுறை, இடது பக்கம் முழுதும் கல் நிறைந்த ஒரு பெண்மணியின் மாதிரியை ஓர் இளம் மருத்துவர் திரையில் சுழற்றிக் காட்டினார். வெட்டுக்கோட்டை இடது நாளம் சங்கமிக்கும் இடத்தை ஒட்டியே வைத்திருந்தார். எம்.ஆர்.சி.பி.யின் மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னேன். வலது பின்பகுதியின் நாளம் இடது நாளத்தில்தான் வந்து கலந்திருந்தது. "சார், மாதிரியில் அப்படி ஒன்றும் இல்லையே" என்றார். அவர் போட்ட கோட்டில் வெட்டியிருந்தால் நோயில்லாத வலது பின்பகுதியின் பித்தநீருக்கு வழியே இருந்திருக்காது: கசிவு, சீழ், மறுபடியும் அறுவை. கோட்டைச் சற்று இடப்புறம் தள்ளினோம், அவ்வளவே.

வலது முன், பின் நாளங்கள் முதலில் ஒன்றாகி, பிறகு இடதோடு சேரும் பாடநூல் அமைப்பு ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்குத்தான் இருக்கிறது. மற்றவர்களிடம் நான் மேலே சொன்ன அமைப்பு அரிதே அல்ல.

கற்களுக்கும் இதே கதிதான். சுண்ணாம்பு குறைந்த பழுப்பு நிறமிக்கல் சி.டி.யில் கல்லீரலின் நிறத்திலேயே கரைந்துவிடும். எம்.ஆர்.சி.பி.யின் தொகுப்புப் படத்திலோ சுற்றியுள்ள பித்தநீரின் ஒளி சிறு கல்லை மறைத்துவிடும். அந்தப் படம் ஒவ்வொரு கோட்டிலும் மிகப் பிரகாசமான புள்ளியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. எனவே மாதிரியைத் திறக்கும் முன் சி.டி., எம்.ஆர். இரண்டின் மூலப் படங்களையும் பார்த்து, நாளங்களைக் கையால் தாளில் வரையுங்கள். வரைந்ததும் மாதிரியும் ஒத்துப்போகாவிட்டால் அறுவையரங்கில் நாளத்தை வெட்டுவதற்கு முன் சாயம் செலுத்திப் படமெடுங்கள்.

குறுக்கத்தைக் குறிக்காமல் விடுவது

கல்லை எடுத்துவிட்டு, நாளம் குறுகிப்போன இடத்தை அப்படியே விட்டுவைத்தால் கல் திரும்ப வரும்.

கன அளவை மட்டும் நம்புவது

பல ஆண்டுகள் கல் அடைத்த பகுதி சுருங்கிப்போகும், மறுபக்கம் பருக்கும், கல்லீரலே சற்றுத் திரும்பிக்கொள்ளும். எஞ்சும் பகுதியின் கன அளவு திரையில் தாராளமாகத் தெரியலாம். அந்தப் பகுதியும் சீழ்த்தொற்றால் பலமுறை அடிபட்டிருந்தால், கன அளவுக்கேற்ற வேலையை அது செய்யாது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

புற்றுநோயைத் தேடாதது

நாட்பட்ட கற்கள் இருக்கும் இடத்தில் பித்தநாளப் புற்றுநோயும் ஒளிந்திருக்கலாம். சுருங்கிய பகுதியில் நாளச் சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால், மருந்து செலுத்திய படத்தைக் கதிரியக்க நிபுணரோடு உட்கார்ந்து பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் வெறும் கல் நீக்கத்துக்கு ஒப்புதல் வாங்காதீர்கள். அந்தப் பகுதியையே அகற்ற நேரிடலாம் என்பதை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.