முன்பு படிக்காமல் உயர்நிலை வரலாற்றில் சேர்ந்தவர்கள் சறுக்கும் இடங்கள்

கீழ் வகுப்புகளில் வரலாற்றைத் தொட்டே பார்க்காமல், பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் மட்டும் அதை உயர்நிலைப் பாடமாக எடுப்பவர்கள் உண்டு. நானும் அப்படி நுழைந்தவன்தான். முதல் வாரத்தில் மற்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் தலைவர் பிஸ்மார்க்கைப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேசும்போது வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்தில்தான் முதல் தவறைச் செய்கிறோம்.

விட்டுப்போனதையெல்லாம் ஒரேயடியாகப் பிடித்துவிடலாம் என்று தடித்த உலக வரலாறு ஒன்றை எடுத்து எகிப்திலிருந்து ஆரம்பிப்போம். இரண்டு மாதம் கழித்து நாம் ரோமாபுரியில் இருப்போம். வகுப்பு, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமைந்த வைமார் குடியரசில் இருக்கும். இது வேண்டாத வேலை. பாடத்திட்டம் தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய அரை நூற்றாண்டை ஒரே தாளில் எழுதிக்கொண்டால் போதும். 1917 ரஷ்யப் புரட்சி என்றால், 1861இல் பண்ணையடிமை முறை ஒழிப்பு, 1905 கிளர்ச்சி, 1914இல் முதல் உலகப் போர். ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன கிடைத்தது, யார் ஏமாந்தார்கள் என்று ஒரு வரி. அப்புறம், ‘அக்டோபர் புரட்சி’ ஏன் நவம்பர் 7 அன்று வருகிறது என்று குழம்ப வேண்டாம். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அதன்படி அன்று அக்டோபர் 25. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் முழித்துக்கொண்டிருந்தேன்.

தகவல் குறைவை ஒரு பருவத்தில் சரிசெய்துவிடலாம். எழுதும் முறை வராததுதான் மதிப்பெண்ணைத் தின்னும். வழக்கமான கேள்வி ஒன்றைப் பாருங்கள்: ‘நாஜிகள் ஆட்சிக்கு வர வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையே முக்கியக் காரணம். இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?’ புதிதாக வந்தவர் கதை சொல்லத் தொடங்குவார். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிமீது சுமத்தப்பட்ட அந்த உடன்படிக்கை 1919இல் கையெழுத்தானது, ஜெர்மனி நிலத்தை இழந்தது, ராணுவம் ஒரு லட்சம் பேராகச் சுருங்கியது, 1923இல் பணம் செல்லாக்காசானது, 1933இல் ஹிட்லர் சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர், ஆனார். எல்லாம் சரி. ஆனால் ‘எந்த அளவுக்கு’ என்ற சொல்லுக்குப் பதிலே இல்லை.

அதே தகவல்களை வாதமாக்க ஒரு எண் போதும். 1928 மே தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு. உடன்படிக்கைக்கு அப்போது ஒன்பது வயது ஆகப்போகிறது. அவமானம்தான் காரணம் என்றால் அந்தக் கோபம் அன்று எங்கே போனது? 1930 செப்டம்பரில் 18.3 சதவீதம், 1932 ஜூலையில் 37.3. இடையில் நடந்தது 1929 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் எனப்படும் அமெரிக்கப் பங்குச் சந்தையின் சரிவு, அதைத் தொடர்ந்து உலகப் பொருளாதாரப் பெருமந்தம். 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் சுமார் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. சரி, அப்படியானால் பெருமந்தம்தான் காரணம் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். 1932 நவம்பர் தேர்தலில் நாஜி வாக்கு 33.1 ஆகக் குறைந்தது. குறைந்த பிறகு, மூன்று மாதம்கூட ஆகாமல், 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பதவி ஏற்கிறார். ஹிட்லரை நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று முன்னாள் சான்சலர் பாப்பன் போட்ட கணக்கும், ஜெர்மன் அதிபர் ஹிண்டன்பர்க் கடைசியில் அதற்கு இசைந்ததும் இங்கேதான் வாதத்துக்குள் வருகின்றன.

இதில் நமக்கு ஒரு சின்ன ஆதாயமும் இருக்கிறது. முன்பே படித்தவர்கள் பலர், வெர்செய்ல்ஸ்தான் காரணம் என்று கீழ் வகுப்பில் மனப்பாடம் செய்த விடையோடு வந்திருப்பார்கள். அதை மறக்க அவர்களுக்கு நேரம் பிடிக்கும்.

கணக்கு, அறிவியல் பக்கமிருந்து வருபவர்கள் ஒரே சரியான விடையைத் தேடுவார்கள். அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்ததும் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ‘இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது’ என்று மதில்மேல் பூனையாக முடிப்பார்கள். இரண்டும் வேண்டாம். முதல் பத்தியிலேயே ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, கடைசிவரை அதை நிறுவிக் காட்ட வேண்டும்.

அடுத்தது சான்றுகள். ‘இது ஒருதலைப்பட்சமானது, ஆகவே பயனற்றது’ என்று எழுதாத புதுமுகத்தை நான் பார்த்ததில்லை. மாஸ்கோ கால்வாய் ஓரம் ஸ்டாலின் நடக்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. மூலப் படத்தில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில், தண்ணீர் இருக்கும் பக்கமாக, ரகசியப் போலீஸ் தலைவர் யெழோவ் நிற்கிறார். யெழோவ் பதவி இழந்து 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிற்பாடு வெளியான படத்தில் அந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான். படம் பொய். ஆனால் அந்த ஆட்சி தன் கடந்த காலத்தை என்ன செய்தது என்று கேட்டால், இதைவிட நல்ல சான்று எது? யார் தயாரித்தார்கள், யார் கண்ணில் பட வேண்டும் என்று தயாரித்தார்கள், எதை மறைத்தார்கள் என்று கேட்டுவிட்டு, கேள்விக்கு அது எந்த வகையில் உதவுகிறது என்று எழுதுங்கள்.

தேதிகளை உருப்போடுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாடத்துக்கு இருபது தேதி வரிசை மாறாமல் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ‘எல்லாம் படித்து முடித்த பிறகு எழுதலாம்’ என்று முதல் கட்டுரையைத் தள்ளிப்போடுவது. படித்து முடியவே முடியாது. இரண்டாம் வாரமே ஒரு மோசமான கட்டுரையை எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். திருத்தி வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்து மடித்து வைக்காமல், சிவப்பு மை அதிகம் விழுந்த ஒரே ஒரு பத்தியை மட்டும் திரும்ப எழுதி, மறுநாளே அவரிடம் நீட்டுங்கள். என் முதல் கட்டுரையின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது ஒரே கேள்வி: ‘அதனால் என்ன?’