ஆற்றங்கரைத் தாவரப் பட்டையைக் கணினி வரைபடத்தில் குறிக்கும் முறை

டர்பனில் சாட்ஸ்வொர்த்தை ஒட்டி ஓடும் உம்லத்துசானா ஆற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கட்டணமின்றிக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் கரையோரத் தாவரப் பாதுகாப்புப் பட்டையை வரையும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், திட்டத்தின் ஆயத்தொலைவு முறையையும், ஆற்றை வரையப்போகும் அடுக்கின் ஆயத்தொலைவு முறையையும், மீட்டரில் அளக்கும் 'யூடிஎம் 36 தெற்கு' என அமைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு பாகை முறையிலேயே இருந்தால் மென்பொருள் மீட்டருக்குப் பதிலாகப் பாகையில் அளக்கும். பட்டையின் அகலம் 32 மீட்டர் என்று எண்ணி நீங்கள் 32 என்று இட்டதும் பட்டை ஆப்பிரிக்காவின் தென்பாதியையே விழுங்கிவிடும்.

அடுத்து ஆற்றை வரைய வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச இணைய வரைபடத்தில் கிடைக்கும் ஆற்றுக்கோடு பெரும்பாலும் நீரோட்டத்தின் நடுவே செல்வது என்பதால், அதையே தொடக்கமாகக் கொண்டால் 20 மீட்டர் அகலமுள்ள இடத்தில் ஒவ்வொரு கரையிலும் 10 மீட்டர் நிலத்தை இழந்துவிடுவோம். தொடக்கநிலையினர் செய்யும் பிழைகளில் இதையே பெரிதாகக் கருதுகிறேன், ஏனெனில் முடிவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வான்படத்தைப் பின்னணியாக இட்டு, இரு கரைகளின் விளிம்பையும் பின்பற்றிப் பலகோணமாக வரையுங்கள்.

பிறகு, வரைந்த வடிவத்தைச் சுற்றிக் குறித்த அகலத்தில் பட்டை இடும் 'பஃபர்' கருவியில் 32 மீட்டர் என இடுங்கள். தென்னாப்பிரிக்கச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகள், சில விலக்குகளுடன், நீர்வழியின் விளிம்பிலிருந்து இத்தொலைவுக்குள் நடைபெறும் கட்டுமானத்தைக் கவனத்தில் கொள்கின்றன. கிடைத்த பட்டையிலிருந்து 'டிஃபரன்ஸ்' கருவியால் ஆற்றுப் பலகோணத்தைக் கழித்தால் நிலப்பகுதி மட்டும் எஞ்சும்.

ஆனால் இது சட்டத்தின் ஓர் எண்ணே தவிர, தாவரத்தின் எல்லை அன்று. 1998ஆம் ஆண்டுத் தேசிய நீர்ச் சட்டம் வண்டல் மண்ணையும், வெள்ளத்தால் அண்டை நிலத்திலிருந்து வேறுபட்டு வளரும் தாவரங்களையும் கொண்டே கரையோர வாழிடத்தை வரையறுக்கிறது. அதைக் காண சென்டினல்-2 செயற்கைக்கோளின், ஒரு படப்புள்ளி 10 மீட்டர் நிலத்தைக் காட்டும் படங்களில் சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய அலைவரிசைகளைக் கொண்டு, பசுமையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீட்டைக் கணக்கிடலாம். ஜூலை அல்லது ஆகஸ்ட் மாதப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். மழை குறைந்த அம்மாதங்களில் மேட்டுப் புல் காய்ந்திருக்க, ஈரம் குடிக்கும் கரைத் தாவரம் பச்சையாகவே நிற்கும். பச்சை அனைத்தும் நன்மையன்று என்பதையும் மறவாதீர்கள்: அயலிலிருந்து வந்து பரவும் உண்ணிச்செடிப் புதரும், நம் நாவலுக்கு உறவான உம்டோனி மரமும் அக்குறியீட்டில் ஒன்றுபோலவே தோன்றலாம்.

எனவே நேரில் சென்று பார்ப்பது தவிர்க்க முடியாதது. கைப்பேசியில் கியூஃபீல்டு செயலியுடன் கரையோரம் நடந்து, நாணல் முடியும் இடத்தையும் வண்டல் மண் மாறும் இடத்தையும் புள்ளிகளாகக் குறியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் எதுவரை ஏறியது என்று அங்கே வசிக்கும் முதியவர்களிடம் கேட்பதும் பயன் தரும். அப்புள்ளிகளைக் கொண்டு, தாவரம் 32 மீட்டரைத் தாண்டும் இடங்களில் பட்டையை விரித்து வரையுங்கள். குறையும் இடங்களில் சுருக்க வேண்டாம். சட்டக் கோட்டையும் தாவரக் கோட்டையும் தனித்தனி அடுக்குகளாகச் சேமித்து வைத்தால், எந்த இடத்தில் எதன் அடிப்படையில் எல்லை நகர்ந்தது என்று கேட்பவருக்கு உடனே காட்டிவிடலாம்.