மனிதவள மேம்பாட்டில் முதுநிலைப் படிப்பு: சறுக்கும் இடங்கள்

பணியிடப் பயிற்சி, மனிதவள மேம்பாடு என்று முதுநிலையில் சேர்கிறவர்கள் பலர் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச வரும், ஸ்லைடு போட வரும், அதையே இன்னும் மெருகேற்றிக்கொள்ளலாம் என்று வருகிறார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வகுப்பெடுக்கும் கலைக்கு இந்தப் படிப்பில் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். நேரத்தை விழுங்குவது வேறொரு கேள்வி: இங்கே பயிற்சி தேவைதானா?

ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். ஊழியர்கள் சரக்கு எண்ணைத் தப்பும் தவறுமாகப் பதிகிறார்கள், இரண்டு நாள் பயிற்சி வேண்டும் என்கிறார் மேலாளர். நம் மாணவர் உடனே உட்கார்ந்து கற்றல் நோக்கம், கால அட்டவணை, குழுச் செயல்பாடு என்று அழகாக ஒரு திட்டம் எழுதிவிடுகிறார். பதிவு செய்கிறவர் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்திருந்தால் கதை மாறியிருக்கும். திரையில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒரே மாதிரி இரண்டு கட்டங்கள், ஒட்டினாற்போல். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் மென்பொருள் வெளியே தள்ளிவிடுகிறது. எத்தனை பெட்டி ஏற்றினார் என்பதற்கு ஊக்கத்தொகை உண்டு, எத்தனை சரியாகப் பதிந்தார் என்பதை யாரும் எண்ணுவதே இல்லை. இதில் இரண்டு நாள் வகுப்பு எதைச் சரிசெய்யும்?

பயிற்சித் துறை வல்லுநர்கள் ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-இல் கேட்கச் சொன்ன கேள்வி இன்றைக்கும் பழசாகவில்லை: உயிரே போகும் என்ற நிலை வந்தால் அந்த ஊழியர் இதைச் சரியாகச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் குறை அவருடைய திறமையில் இல்லை. தாமஸ் கில்பர்ட் 1978-இல் இதையே ஒரு சட்டகமாக்கினார். தகவல், கருவி, ஊக்கத்தொகை ஆகிய மூன்றையும் முதலில் பார், ஆளின் அறிவையும் ஆற்றலையும் ஆர்வத்தையும் அப்புறம் பார் என்பது அதன் சாரம். தேவைப் பகுப்பாய்வு என்ற பாடத்தைச் சடங்காகப் படித்துக் கடந்துவிடுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. மனிதவள மேலாண்மையும் மனிதவள மேம்பாடும் ஒன்றல்ல. முதலாவதில் ஆளெடுப்பு, சம்பளம், தொழிலாளர் சட்டம் கனமாக இருக்கும். இரண்டாவதில் வயதுவந்தோர் கற்கும் விதம், பயிற்சி வடிவமைப்பு, நிறுவன மாற்றம். பட்டத்தின் பெயரை நம்பாமல் பாடப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். சில இடங்களில் இது கல்வித் துறையிலும் சில இடங்களில் மேலாண்மைத் துறையிலும் இருக்கும், வாசனையே வேறு. படிப்பின் முடிவில் எழுத வேண்டியது ஆய்வேடா, செயல்திட்டமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, கேட்டதையெல்லாம் சான்றாக எடுத்து எழுதுவது. 'படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20 சதவீதம் நினைவில் நிற்கும்' என்ற பிரமிடை எத்தனை ஒப்படைப்புகளில்தான் பார்ப்பது! அதற்கு மூலமாகக் காட்டப்படுவது எட்கர் டேல் 1946-இல் வரைந்த அனுபவக் கூம்பு, கற்கும் வழிகளை நேரடி அனுபவம் முதல் வெறும் சொற்கள் வரை அடுக்கிய படம்; அதில் சதவீத எண்ணே கிடையாது. எண்கள் பிற்பாடு யாரோ ஒட்டியவை. ஒருவர் பார்த்துக் கற்பவர், இன்னொருவர் கேட்டுக் கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதும் அப்படித்தான். ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் இருந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. பயிற்சி நிறுவனங்களின் விளம்பரக் கட்டுரையை ஆய்விதழுக்குச் சமமாக மேற்கோள் காட்டினால் நல்ல வழிகாட்டி முதல் பக்கத்திலேயே சுழித்துவிடுவார்.

மதிப்பீட்டுக்கு வருவோம். பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகள் 1959 முதல் புழக்கத்தில் இருக்கின்றன: எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு. எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ஆய்வேட்டைத் திறந்தால் இருப்பது முதல் நிலை மட்டும்தான். 'பயிற்சியாளர் தெளிவாகப் பேசினாரா? அறை வசதியாக இருந்ததா?' என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டு, சராசரி 4.3 என்று போட்டு, 'பயிற்சி வெற்றி' என்று முடித்துவிடுகிறார்கள். ஜார்ஜ் அலிஜரும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது), பயிற்சி பிடித்திருந்தது என்பதற்கும் கற்றுக்கொண்டதற்கும் ஏறத்தாழத் தொடர்பே இல்லை. வேலைக்குப் பயன்படும் என்று சொன்னவர்களிடம் மட்டும் தொடர்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆகவே ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், பிடித்ததா என்பதை விட்டுவிட்டுப் பயன்படுமா என்று கேளுங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 'ஊழியர் செயல்திறனில் பயிற்சியின் தாக்கம்' என்று வானளாவிய தலைப்பு. ஒரே படிவத்தில், ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், 'பயிற்சி நன்றாக இருந்ததா?' என்றும் 'உங்கள் செயல்திறன் கூடியதா?' என்றும் கேட்டால் இரண்டுக்கும் தொடர்பு வராமல் எங்கே போகும்? நல்ல மனநிலையில் இருப்பவர் இரண்டுக்கும் நான்கு போடுவார், எரிச்சலில் இருப்பவர் இரண்டுக்கும் இரண்டு போடுவார். வருகிற எண் அந்த மனநிலையையும் சேர்த்துத்தான் அளக்கிறது. செயல்திறனை வேறொரு மூலத்திலிருந்து எடுங்கள்: பிழைப் பதிவேடு, வாடிக்கையாளர் புகார், மேற்பார்வையாளரின் குறிப்பு, எதுவானாலும் சரி. பயிற்சிக்கு முன், பின் என்று மட்டும் அளந்தாலும் போதாது. பயிற்சி பெறாத ஒரு குழுவும் ஒப்பிடக் கிடைத்தால்தான், அதே மாதத்தில் வந்த புது மென்பொருளால் பிழை குறைந்ததா என்ற சந்தேகத்துக்கு ஓரளவு பதில் சொல்ல முடியும். தலைப்பைச் சிறிதாக்கினால் இதெல்லாம் கைக்கு எட்டும்.

எப்போது அளப்பது என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். கடைசி நாள் மாலையில் வைக்கும் தேர்வு, மூன்று மாதம் கழித்து வேலையில் என்ன மிஞ்சுகிறது என்பதைச் சொல்லாது. கற்றது வேலைக்குப் போய்ச் சேருவதை பால்ட்வினும் ஃபோர்டும் 1988-இல் மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள்: கற்பவரின் இயல்பு, பயிற்சியின் வடிவமைப்பு, பணிச்சூழல். மாணவர்கள் முதல் இரண்டைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு மூன்றாவதுக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். திரும்பிப் போனதும் மேற்பார்வையாளர் 'அதெல்லாம் வகுப்போடு சரி, இங்கே பழையபடி செய்' என்று சொல்லிவிட்டால் மற்ற இரண்டும் வீண். அவரைப் பேட்டி எடுக்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

தன் நிறுவனத்திலேயே ஆய்வு செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவரிடம் படிவத்தை நீட்டினால் அவர் தரும் ஒப்புதல் உண்மையில் ஒப்புதலா? 'மாட்டேன் சார்' என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறதா? வேறொருவர் மூலம், பெயர் இல்லாமல், மறுக்கலாம் என்று தெளிவாக எழுதிக் கொடுத்து வாங்குங்கள். எட்டுப் பேர் உள்ள பிரிவில் 'பெண், 45 வயது, 12 ஆண்டு அனுபவம்' என்று அட்டவணை போட்டால் பெயரை மறைத்து என்ன பயன்? நிறுவனத்தின் அனுமதியையும், தரவு தருவதையும், எதை வெளியிடலாம் என்பதையும் தலைப்பு முடிவாகும் முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். வாயால் சரி என்று சொன்ன மேலாளர் பாதியில் மாற்றலாகிப் போனால், புதிதாக வருகிறவர் அந்தத் தரவைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை.