நூறு வருஷ மழையும் நான் சொதப்பிய கூட்டமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பள்ளிக்கூட அறை ஒன்றில் ஆறு இளைஞர்களோடு போனது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் குடியிருப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் போய் மழை, புயல், வெள்ளம் பற்றிப் பேசப் போகிறவர்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் பேசிக் காட்டினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் இருபது வருடத்துக்கு முன் இதே வேலையில் இறங்கியபோது நான் செய்த தவறுகளை ஒன்று விடாமல், கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்தார்கள்.

சத்தமாகப் பேசு, திரையைப் பார்த்து வாசிக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது நாலாவது கூட்டத்தில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை வேறு.

எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வது

"24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது அதிகனமழை" என்றார் ஒரு தம்பி. தசமப் புள்ளி வரை சரி. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பள்ளியின் ஆயாம்மா கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். 204 மில்லிமீட்டர் ஒரு சாண் கூட வராது. இதுக்கா இவ்வளவு கூச்சல் என்று அவர் முகம் கேட்டது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 45,000 லிட்டரைத் தாண்டுகிறது. 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட நாலு. சென்னைக்காரருக்குச் சாண் கணக்கில் மழை புரியாது, லாரிக் கணக்கில் புரியும். கோடையில் காசு கொடுத்து வாங்குகிறவர் அல்லவா! 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அது கிரவுண்டுக்கு ஒன்பது லாரி. இதைக் கேட்டதும் ஆயாம்மா கையை மடக்கிக்கொண்டார்.

எளிமை என்ற பேரில் பொய்

"மேகம் என்பது நீராவி." நானும் பல வருடம் சொல்லித் திரிந்த வாக்கியம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கியது. "நீராவி கண்ணுக்குத் தெரியாதுன்னு மிஸ் சொன்னாங்களே சார், அப்ப மேகம் எப்படித் தெரியுது?" அன்றைக்கு நான் சமாளித்த லட்சணத்தை இங்கே எழுத முடியாது.

கெட்டில் கொதிக்கும்போது மூக்கு நுனியைப் பாருங்கள். துளைக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒன்றுமே தெரியாத ஓர் இடம் இருக்கும். நீராவி இருப்பது அங்கே. அதற்கு மேல் வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து பொடித் துளிகளாகிவிட்ட தண்ணீர். மேகமும் அதுதான்: துளிகள், உயரம் கூடினால் பனித் துகள்கள். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம்தான் கூடுதலாக ஆகிறது.

"இது கொஞ்சம் கஷ்டமான விஷயம்தான்..."

என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த நொடியிலேயே போனை எடுத்துவிடுவார்கள்.

நூறு வருஷத்துக்கு ஒரு முறை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதாகப் பேசிய பெண் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். நடுவில், "2015-ல வந்தது நூறு வருஷத்துக்கு ஒரு முறை வர்ற வெள்ளம்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் மேல் கோபமில்லை. அந்த வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை அப்படி.

2016 தொடக்கம். தென்சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. முந்தின மாதம்தான் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. சங்கத்தார் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். பத்து வருட அனுபவம் இருந்த நேரம், தொண்டையில் கர்வமும் இருந்தது. 2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர், 1918 நவம்பரில் 1,088, நடுவில் இப்படி ஒரு நவம்பர் இல்லை என்று அடுக்கினேன். அடுக்கிவிட்டு, "ஆக, இது நூறு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற மழை" என்று முடித்தேன். கைதட்டினார்கள். பஜ்ஜி கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் இருந்தது எனக்குத் தெரியாது. தரைத்தளத்தில் இருக்கும் மின் மீட்டர் பலகையை மேலே ஏற்ற வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். நான் கிளம்பிய பிறகு அதை எடுத்திருக்கிறார்கள். "இனி நம்ம பேரன் காலத்துலதானே" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்து, தீர்மானத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மீட்டர் பலகை முழுகியது. நாலு நாள் கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, லிஃப்ட் இல்லை. மூன்றாவது மாடியில் ஆக்ஸிஜன் கருவியில் இருந்த ஒரு பாட்டியை நாற்காலியோடு தூக்கி இறக்கிப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். வாரம் கழித்துப் போய் நின்றேன். சங்கச் செயலாளர் சண்டை எல்லாம் போடவில்லை. "நூறு வருஷம்னு சொன்னீங்களே சார்" என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்னதில் இரண்டு சங்கதிகள் குழம்பிக் கிடந்தன. நூறு வருடமாகக் காணாத மழை என்பது பதிவேட்டைப் புரட்டிச் சொல்வது. நூறு வருடத்துக்கு ஒரு முறை என்பது வாய்ப்புக் கணக்கு: எந்த வருடத்தை எடுத்தாலும் அப்படி வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. பொறியாளர்கள் பாலம் கட்டும்போது போடும் கணக்கு அது. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதன் வார்த்தையைப் போட்டு முடித்தேன். கேட்டவர்கள் காதில் விழுந்ததோ மூன்றாவது ஒன்று: பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் 2115-ல். (2023-ல் பெய்தது எந்த ரக மழை என்பது தனிக் கணக்கு. மீட்டர் பலகைக்கு அந்தக் கவலை இல்லை.)

எரிச்சல் இதில்தான். வார்த்தையைத் தனியாக எடுத்து எந்த நிபுணரிடம் காட்டினாலும் தப்பென்று சொல்ல மாட்டார். நாம் பேசும்போது நம் வாக்கியத்தைத்தான் சரிபார்க்கிறோம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இப்போது நான் எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கொண்டு போகிறேன். உள்ளே 99 புளியங்கொட்டை, ஒரு சிவப்புப் பாசிமணி. (முதலில் குன்றிமணிதான் போட்டேன். அது விஷம், பிள்ளைகள் வாயில் வைத்துவிடும் என்று ஒரு டீச்சர் திட்டியபின் மாற்றினேன்.) ஒரு பிள்ளை கண்ணை மூடி ஒன்றை எடுக்கும். எடுத்தது ஒரு வருடம். காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போட வேண்டும், குலுக்க வேண்டும். திரும்பப் போடுவதுதான் முக்கியம், மழைக்குப் போன வருடம் ஞாபகம் இருக்காது. முப்பது வருட வீட்டுக்கடன் என்றால் முப்பது தடவை. அதற்குள் ஒரு தடவையாவது சிவப்பு வர 26 விழுக்காடு, நாலில் ஒரு பங்குக்கும் மேல். நூறு தடவை எடுத்தாலும் 63 விழுக்காடுதான், கட்டாயம் வரும் என்றும் சொல்ல முடியாது. ஒரு கூட்டத்தில் நாலாவது தடவையே சிவப்பு வந்தது, சிரித்தார்கள். பதினோராவது தடவை மறுபடி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

கடல் சூடாகச் சூடாகத் தூக்கில் சிவப்பு மணிகள் கூடுகின்றன என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் அது வேறு கூட்டமாகிவிடும்.

நம் அகராதி, அவர்கள் அகராதி

இதே வியாதி பிடித்த வார்த்தைகள் நம் தொழிலில் ஏராளம். 'ஓரிரு இடங்களில்' என்றால் வானிலை அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு: அந்தப் பகுதி நிலையங்களில் கால்வாசி வரை. கேட்பவருக்கோ அது எப்போதும் பக்கத்து ஊர்.

'கரையைக் கடந்தது' இன்னும் மோசம். கடந்தது என்றால் போய்விட்டது என்றுதான் தமிழில் அர்த்தம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நான் இப்போது 'கரையேறியது' என்கிறேன். கரையேறினவன் ஊருக்குள் வருவான் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"புரிஞ்சுதா?"

கேட்காதீர்கள். நம்மூரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பின் வரிசையில் ஒருவரிடம், "வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். ஒரு காவலாளி எனக்குச் சொன்ன பதில்: "வருஷா வருஷம் சீட்டு குலுக்குறாங்க சார், போன தடவை விழுந்தவன் சீட்டையும் சேத்து." அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்திலும் அதை என் வாக்கியம் மாதிரியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடுவது

பஜ்ஜி சாப்பிட்ட கையோடு கிளம்பாமல் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் 2016-லேயே அந்தத் தீர்மானம் என் காதில் விழுந்திருக்கும். அந்தக் குடியிருப்பு வழியாக இப்போதும் போகிறேன். மீட்டர் பலகையைத் தலைக்கு மேலே ஏற்றி, கீழே சிமென்ட் படி கட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன் இன்றும் கூட்டம் போடுகிறார்களாம். என்னைக் கூப்பிடுவதில்லை.