பள்ளிக்கு நூலகர் கேட்கப் போகிறீர்களா? சாவியிலிருந்து தொடங்குங்கள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்குத்தான் இது. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் எழுந்து "நூலகர் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால், "நூலகம்தான் இருக்கிறதே, டீச்சர் ஒருத்தர் பார்த்துக்கொள்கிறாரே" என்பார்கள். அதோடு பேச்சு ஆண்டுவிழாவுக்குத் தாவிவிடும்.

அதனால் முதலில் போய்ப் பாருங்கள். நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது, வாரத்தில் எத்தனை பீரியட் கதவு திறக்கிறது, கடைசியாகப் புத்தகம் கொடுத்தது எந்தத் தேதி என்றெல்லாம் கேளுங்கள், பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். அப்புறம் தமிழ்ப் புத்தகங்களைத் தேடுங்கள். பொருள்வாரியாக எண் போட்டுப் புத்தகம் அடுக்குகிற டூயி தசம முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, மலையாளத்துக்கு 894.812, நம் ஊரைப் போலவே பக்கத்து வீடுகள். நூலகவியல் படித்தவர் இருந்தால் அந்த வரிசையில் நிற்கும், இல்லாவிட்டால் பழைய வினாத்தாள் கட்டுக்கு அடியில் கிடக்கும்.

சட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம், செய்தித்தாள், பத்திரிகை, கதைப்புத்தகம் எல்லாம் கேட்கிறது, நூலகரைப் பற்றிப் பேச்சே இல்லை. புத்தகம் கேட்க அது உதவும், ஆளைக் கேட்க வேலையைத்தான் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை பாரதப்புழை ஆற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று வையுங்கள். பாடம் தமிழில், அலமாரியில் இருக்கிற நல்ல புத்தகமோ மலையாளத்தில். அந்தப் பிள்ளைக்கு எது புரியும், பின்பக்கச் சொல்லடைவில் எப்படித் தேடுவது, போனில் கிடைத்த தகவல் சரியா என்று எதோடு ஒத்துப்பார்ப்பது, இதையெல்லாம் உட்கார்ந்து காட்ட ஒருவர் வேண்டும். கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ போய் வயதுக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகம் தேர்ந்தெடுப்பதும் அவர் வேலைதான்.

"டீச்சரே போதும்" என்பவர்களிடம் இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனதும் லண்டனுக்குப் போய் இந்த வேலையைப் படித்துவிட்டு வந்தார். அவருக்கே படிப்பு தேவைப்பட்டது, ஆறு பீரியட் எடுத்துவிட்டுக் களைத்து வருகிற டீச்சரிடம் நாம் என்னத்தை எதிர்பார்க்கிறோம்?

சரி, கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி மினிட்ஸில் ஏற்றுங்கள். அரசு எல்.பி. (தொடக்க), யு.பி. (நடுநிலை) பள்ளி என்றால் கிராமப் பஞ்சாயத்துக்கும், உயர்நிலைப் பள்ளி என்றால் மாவட்டப் பஞ்சாயத்துக்கும் நகல் கொடுத்து, தற்காலிகமாகவாவது ஒருவரைக் கேளுங்கள். கல்வி அலுவலகத்துக்கும் ஒன்று போகட்டும்.

ஆள் தேடும்போது நூலகவியல் பட்டம் இருக்கிறதா, தமிழும் மலையாளமும் சரளமாகப் படிப்பாரா என்று பாருங்கள். ஒரு பிள்ளையைக் கூடவே உட்காரவைத்து, இவளுக்கு எந்தப் புத்தகம் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். புத்தகத்தை எடுக்கும் முன் அவளிடம் நாலு வார்த்தை பேசுகிற ஆள் கிடைத்தால் கைவிடாதீர்கள்.

இன்னொன்று, லீவு போட்ட டீச்சருக்குப் பதிலாக வகுப்புக்கும், மதியச் சாப்பாட்டுக் கணக்குக்கும் அவரை அனுப்பக்கூடாது என்று அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் ஓணம் லீவுக்குள் சாவி பழைய இடத்துக்கே போய்விடும்.